இரவு ஒரு மணிக்கு எங்கே கூட்டிப் போவது?

மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 24 வயது, கட்டாரில் இருந்து வந்து நாலு மாசம். போன கிழமை ஐந்து நாள் தொடர்ந்து நித்திரை இல்லை. பக்கத்து வளவுக்காரர் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று இரவில் எழும்பிப் போய் வேலியோரம் நிற்கிறான். ஒரு இரவு ஒரு மணிக்கு, "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளிக்கிட்டிருக்கிறான். விடிந்ததும் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார் அம்மா. பொலிசுக்குப் போன் அடி என்கிறார் மாமா. அன்றைய இரவு எப்படியோ கழிந்துவிட்டது. "மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டு போவது, அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா, நான்தான் கொண்டு போனேன் என்று தம்பி என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவானா" என்று கேட்கிறார். (அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்தில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரி.)

தொலைபேசி இலக்கம் கேட்கிற மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு முறை வாசித்தபோது எனக்குக் கேட்டது வேறு கேள்வி. "இது ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அளவுக்குப் பெரிய விஷயமா? அதை முடிவெடுக்க நான் யார்?" என்றுதான் இந்தத் தங்கச்சி கேட்கிறார். என் வேலைக்காலம் முழுக்க வாசலில் வந்து நின்ற குடும்பங்கள் எல்லாம் இதே கேள்வியைத்தான் மனதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆம், பெரிய விஷயம்தான். முடிவெடுக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது. வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அது மாரடைப்பா, வாய்வா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டு நிற்பதில்லை. தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வாய்வு என்று தெரிந்தால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறோம், யாரும் வெட்கப்படுவதில்லை. மனம் குழம்பிய ஒருவருக்கும் அதே நியாயம்தான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் 22 வருஷம் தாதியாக வேலை செய்தேன். அதில் பாதிக்கு மேல் மனநல வார்டிலும், வீடு வீடாகப் போகிற வேலையிலும் கழிந்தது. டொக்டர் அல்ல. உங்கள் தம்பிக்கு என்ன நோய் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்க்காமல் சொல்கிற யாரையும் நம்பவும் வேண்டாம். தூக்கமில்லாமை, குரல் கேட்பது, சந்தேகம் மூன்றும் ஒன்றாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இவ்வளவும் எழுதியிருக்கிற நிலையில் அவரை இன்றைக்கே, பகலிலேயே கூட்டிப் போங்கள். மறுபடி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். செத்துப் போவதைப் பற்றி ஒருவர் வாய் திறந்தபிறகு அடுத்த கிளினிக் நாள் வரை பொறுப்பது சரியில்லை.

எங்கே என்றால், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய அரசாங்க வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. உங்களுக்கு மூதூர் தள வைத்தியசாலை. கிண்ணியாக்காரருக்குக் கிண்ணியா, கந்தளாய்க்காரருக்குக் கந்தளாய். நகரம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் நேராகத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. மனநல டொக்டர் அந்த நேரத்தில் அங்கே இருப்பாரா என்று யோசித்துத்தான் பலர் விடியும்வரை பொறுக்கிறார்கள். இரவில் அவர் இருக்க வேண்டும் என்று இல்லை. கடமையில் இருக்கிற டொக்டர் முதலில் ஆளைப் பார்த்து, உயிருக்கு ஆபத்தில்லாமல் வைத்து, தேவையென்றால் மருந்து கொடுத்து, தங்க வைக்கலாம். பிறகு மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டுமானால் அவர்களே அம்புலன்ஸில் அனுப்புவார்கள். எல்லாம் இலவசம். தூரத்தில் இருக்கிற நல்ல இடத்தைத் தேடி அந்த இரவில் அலைவதைவிட, கிட்ட இருக்கிற கதவைத் தட்டுவதுதான் சரி.

வாகனம் இல்லையென்றால், அல்லது ஆளைத் தனியாகக் கூட்டிப் போகப் பயமாக இருந்தால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. வலிப்பு, மயக்கம், காயம், எதையாவது விழுங்கியிருக்கிறார் என்ற சந்தேகம், இவற்றில் எதுவானாலும் யோசிக்காமல் அடியுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவும் பகலும் எடுப்பார்கள். எடுத்தவுடன் "தமிழில் கதைக்க வேணும்" என்று சொல்லுங்கள். 1333-உம் இலவச உளவளத்துணை இலக்கம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 1926-உம் 1333-உம் வழி சொல்லும், பதற்றத்தைக் குறைக்கும், தம்பியோடேயே கதைக்கும், ஆனால் வீட்டுக்கு வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த அழைப்பில் அரை மணித்தியாலம் செலவழிக்காமல் வெளிக்கிட்டுவிட வேண்டும். ஓட்டோவில் இருந்துகொண்டும் அவர்களோடு கதைக்கலாம்.

பொலிசைப் பற்றி மாமா சொன்னதையும் தள்ளிவிட மாட்டேன். கையில் கத்தி இருக்கிறது, வேறொருவரைத் தாக்கப் பார்க்கிறார், அல்லது இருட்டில் எங்கேயோ ஓடிவிட்டார் என்றால் 119 தேவைதான். அப்போது முதல் வசனமே "இவர் நோயாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக உதவி வேணும்" என்று இருக்கட்டும். மற்ற நேரங்களில் வேண்டாம். ஏற்கெனவே யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து நடுங்குகிற பிள்ளையின் முன்னால் சீருடையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தப் பயம் உண்மையாகிவிடுகிறது. இன்னொரு பயமும் எங்கள் ஊர்களில் உண்டு: தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் வழக்குப் போடுவார்கள் என்று. ஒரு காலத்தில் அது குற்றமாகத்தான் இருந்தது. 1998-இல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள். இப்போது அது குற்றமே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மணித்தியாலக் கணக்கில் வீட்டில் ஒளித்து வைத்திருந்துவிட்டு, கை மீறியபிறகு கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் என்ன சொல்வது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எங்கள் சனம் வெட்கத்தில் விஷயத்தைச் சுருக்கிவிடும். "தம்பிக்குக் கொஞ்சம் டென்ஷன், நித்திரை வருதில்ல" என்பார்கள். அவசரப் பிரிவில் அன்றைக்கு ஒரு விபத்து, இரண்டு மூச்சுத் திணறல், ஒரு பாம்புக்கடி இருந்தால், டென்ஷனுக்கு இரண்டு குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது அவர்களுடைய கல் நெஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். எனவே முதல் மூச்சிலேயே சொல்ல வேண்டியது இது: "ஐந்து நாளா நித்திரை இல்ல. ஆக்கள் கதைக்கிற மாதிரி கேட்குது எண்டு சொல்றார். சாகப் போறன் எண்ட மாதிரிக் கதைச்சு இரவில வெளிக்கிட்டவர்." அவ்வளவும் போதும். நோயின் பெயர் தேவையில்லை. எப்போது தொடங்கியது, என்னென்ன நடந்தது, திகதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பி, வீட்டில் இருக்கிற குளிசை அட்டைகள், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கஞ்சாவோ, ஐஸோ, தூளோ பாவித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஒளிக்காதீர்கள். டொக்டர் கேட்பது சிகிச்சைக்காக. அதை மறைத்தால் கொடுக்கிற மருந்தே பிழையாகப் போகலாம்.

திருப்பி அனுப்பினால்? அதுவும் நடக்கும். 1994-இல் என் சொந்த மாமாவுக்கு நடந்தது. நான் அப்போது தாதியும் இல்லை, ஒன்றும் இல்லை, பதினாறு வயதுப் பிள்ளை. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம், 2009-இல்தான் பாலம் திறந்தார்கள். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறிக் கடந்துதான் வர வேண்டும், இரவில் பாதை ஓடாது, சோதனைச் சாவடிகள் வேறு. பின்னேரம் அவரைக் கொண்டு வந்து ஒரு வைத்தியசாலை வாசலில் நின்றோம். "இன்றைக்கு ஒன்றும் செய்ய ஏலாது, புதன்கிழமை கிளினிக்குக் கொண்டு வாங்கோ" என்றார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை. தெரிந்த வீட்டுத் திண்ணையில் அவரை நடுவில் இருத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தோம். மாமா பிழைத்தார். பிறகு நல்லாகவும் இருந்தார். ஆனால் அந்த வாசலில் இன்னொரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தெரியாமல் போனது இன்றைக்கும் எனக்கு உறுத்தும். அந்த வார்த்தை என்னவென்றால்: "இவரை வீட்டில பாதுகாப்பா வைச்சிருக்க எங்களால ஏலாது." மரியாதையாக, ஆனால் திரும்பத் திரும்ப இதைச் சொல்லுங்கள். கடமையில் இருக்கிற டொக்டரையே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மனநலப் பிரிவுக்குத் தொலைபேசியில் ஒருமுறை கேட்க முடியுமா என்று கேளுங்கள். அப்படியும் அனுப்பினால், பார்த்ததையும் கொடுத்த மருந்தையும் எழுதி வாங்கிக்கொண்டு மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். இப்போது பாலம் இருக்கிறது.

மொழியும் ஒரு தடைதான். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டரோ நேர்ஸோ கடமையில் இருக்கலாம். மனக் குழப்பத்தை அரைகுறை மொழியில் சொல்ல முடியாது, "குரல் கேட்குது" என்பதே "காது வலிக்குது" என்று மாறிப்போனதை நான் கண்டிருக்கிறேன். இரு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட வைத்திருங்கள். வர முடியாவிட்டால் தொலைபேசியில் பிடித்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் நோயாளி சொல்வதைத் திருத்தாமல், நல்லபடி ஆக்காமல், அப்படியே சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்புலன்ஸோ ஓட்டோவோ வரும்வரை வீட்டில் என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் வேலியில் இருபது தலை தெரியும். முதல் வேலை அந்தக் கூட்டத்தை விலக்குவது. தம்பி நம்புகிற ஒருவர் மட்டும் கிட்ட இருக்கட்டும், அது நீங்களாக இருக்கலாம். டிவியை நிறுத்துங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இருந்துகொண்டு, தாழ்ந்த குரலில் கதையுங்கள். கதவுக்குக் கிட்ட நீங்கள் இருங்கள், ஆனால் அவர் வழியை மறித்த மாதிரி இருக்க வேண்டாம். தண்ணியோ தேத்தண்ணியோ கொடுங்கள். குரல் கேட்கிறது என்றால் "உனக்கு விசர்" என்று சொல்லவும் வேண்டாம், "ஓம், எனக்கும் கேட்குது" என்று பொய் சொல்லவும் வேண்டாம். "எனக்கு அது கேட்கேல்ல. ஆனா உனக்குப் பயமா இருக்கு எண்டு விளங்குது. நான் இங்கதான் இருக்கிறன்." இதுதான் நான் இத்தனை வருஷம் சொன்ன வசனம். கட்டிப்போடாதீர்கள். அதிலும் குப்புறப் போட்டு முதுகில் ஏறி அமுக்குவது மூச்சை நிறுத்திவிடும். அமைதியாகட்டும் என்று இன்னொருவருடைய நித்திரைக் குளிசையைக் கொடுப்பதும் சாராயம் கொடுப்பதும் கூடவே கூடாது.

சாவைப் பற்றி நேரடியாகக் கேட்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. கேளுங்கள். "தம்பி, செத்துப் போகலாம் எண்டு நினைக்கிறியா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்புகிறோம். இதை ஆராய்ந்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. கேட்டதும் பலருக்கு ஒரு பாரம் இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். "ஓம்" என்றால் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டு, அதை டொக்டரிடம் சொல்லுங்கள். தனியே விடாதீர்கள். அதே நேரம், யார் செய்துகொள்வார், யார் மாட்டார் என்று உறுதியாகச் சொல்கிற பரிசோதனையோ கேள்வித்தாளோ உலகத்தில் எங்கேயும் இல்லை. பெரிய டொக்டர்களுக்கும் அது முடியாது. "அம்மா மேல சத்தியமா செய்ய மாட்டன்" என்று வாங்குகிற சத்தியம் காப்பாற்றும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. சத்தியத்தை நம்பி ஆளைத் தனியே விடுவதுதான் அதில் ஆபத்து.

உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அந்த வேகம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை. சில நிமிஷம், சில மணித்தியாலம். அந்த நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால் நிறையப் பேர் பிழைத்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு அதால் சாவதில்லை. எங்கள் நாடே இதற்குச் சாட்சி. 1995-இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்தில் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அந்த ஆண்டிலும் 1998-இலும் கொடிய வயல் மருந்துகள் சிலவற்றைத் தடை செய்தார்கள். 2005 அளவில் அந்தக் கணக்குப் பாதியாகிவிட்டது. சனங்களின் கவலை அதற்குள் பாதியாகவில்லை, போர் அந்த ஆண்டுகளிலும் இருந்தது, சுனாமியும் அப்போதுதான் வந்தது. மூதூரும் தம்பலகாமமும் கந்தளாயும் வயல் ஊர்கள், உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் வயல் மருந்துப் போத்தல் இருக்கக்கூடும். பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி பெட்டி கொடுத்ததால் குறைவு எதையும் காணவில்லை. அதனால் என் ஆலோசனை, பூட்டாதீர்கள், வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். தம்பி போகாத ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்மாவின் பிரஷர், சீனிக் குளிசைகள் உட்பட வீட்டு மருந்தெல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். எதையாவது விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே போங்கள். ஆள் நல்லாக எழும்பி நடந்தாலும் போங்கள். முதல் நாள் ஒன்றுமே காட்டாமல் பிறகு உறுப்பைக் கெடுக்கிற மருந்துகள் உண்டு.

எல்லாக் குழப்பமும் மனநோய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், இதில் பிழை விட்டால் உயிர் போகும். நேற்று வரை நல்லாக இருந்த அப்பப்பா இன்றைக்குப் பின்னேரம் இடம், நாள் தெரியாமல் உளறினால் அது பெரும்பாலும் உடம்பு: சிறுநீரில் கிருமி, சீனி இறங்கியது, உப்புக் குறைந்தது, தலையில் பட்ட அடி. காய்ச்சலோடு குழப்பம், வலிப்போடு குழப்பம் என்றால் நிமிஷமும் பொறுக்கக் கூடாது. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊருகிறது என்று பிடிக்கப் பார்த்தால் அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. குடியை உடம்பு விடுகிறபோது வருகிற ஆபத்து, ஆள் சாகக்கூடியது. பிள்ளை பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள் தாய்க்கு நித்திரை போய், சந்தேகம் வந்து, பிள்ளையைப் பற்றி விபரீதமாகக் கதைத்தால் அதுவும் அன்றைக்கே கொண்டு போக வேண்டிய நோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று இரண்டு என்று வருவது, சிகிச்சைக்கு நன்றாக அடங்குவது. குடும்பநல மாதுவுக்குச் சொன்னாலே அவர் ஓடி வருவார். வீட்டில் அடி உதைதான் காரணம் என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

கோயில் விஷயத்தில் அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். நூல் கட்டுவது, தீர்த்தம் தெளிப்பது, ஓதிய தண்ணி கொடுப்பது, மாதா கோயிலில் மெழுகுதிரி வைப்பது, இவற்றால் குடும்பத்துக்கு ஒரு பலம் கிடைக்கிறது. அதை நான் ஒருநாளும் ஏளனமாகப் பார்த்ததில்லை. நோயை அது மாற்றுமா என்றால் நான் அதை நம்பி ஒரு நோயாளியை விடமாட்டேன். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோயில். அடிப்பது, சங்கிலி போடுவது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இந்த நாலில் ஒன்று இருந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு பொடியனைக் கொண்டு வந்தார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளி நின்றது. காளி ஏறிவிட்டது என்று இரண்டு நாள் வேப்பிலை அடித்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் தழும்பு. விசாரித்தால், மூன்று நாளுக்கு முன்தான் புது மருந்து தொடங்கியிருக்கிறது. அந்த மருந்தின் பக்க விளைவு அது. ஒரு ஊசி போட்டோம். அரை மணித்தியாலத்தில் கழுத்து நேரே வந்து, "அம்மா, பசிக்குது" என்றான். தாய் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. தம்பிக்கு மருந்து தொடங்கியபிறகு இப்படி ஏதும் நடந்தால் மருந்தைக் குப்பையில் போடாமல், அட்டையோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தாலும் அப்படியே.

அங்கொடைக்கு அனுப்புவார்களா? அங்கொடை என்பது எங்கள் ஊரில் ஒரு திட்டு வார்த்தையாகிவிட்டது. ஒரு காலத்தில் அனுப்பினார்கள், போனவர்கள் வருஷக் கணக்கில் திரும்பவில்லை, அந்த நினைவு இன்னும் போகவில்லை. 2005-இல் வந்த மனநலக் கொள்கை மாவட்டத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்று சொன்னது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் அந்த வேலை வேகமெடுத்தது. பெரும்பாலானவர்களுக்கு இங்கேயே சில நாள், சில கிழமை வார்டில் இருந்துவிட்டுக் கிளினிக்குக்கு வருவதோடு முடிந்துவிடுகிறது. விருப்பமில்லாமல் ஒருவரைத் தங்க வைப்பதற்கான சட்டம் 1873-இல் எழுதி 1956-இல் திருத்தியது, மிகப் பழையது, மாற்ற வேண்டியது என்பது என் கருத்து. ஆனால் நடைமுறையில் நோயாளியோடும் குடும்பத்தோடும் கதைத்து, சம்மதிக்க வைத்துத்தான் நாங்கள் அநேகமானவர்களைத் தங்க வைத்தோம். அங்கொடை தேவைப்படுகிற ஒரு சிலர் இருக்கிறார்கள், அதையும் ஒளிக்க மாட்டேன். அவர்களும் திரும்பி வருகிறார்கள்.

வார்டில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் சில கிழமைகள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிற நேரம் அது, ஆபத்தும் அப்போதுதான் கூட. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்த கிளினிக் திகதி கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து தொடங்கியதும் முதலில் நித்திரை வரும், சந்தேகமும் குரலும் அடங்கக் கிழமைகள் ஆகலாம். மனச்சோர்வுக்கான மருந்து என்றால் இரண்டிலிருந்து நாலு கிழமை. "குடிச்சும் ஒண்டும் நடக்கேல்ல" என்று பத்தாம் நாள் நிறுத்துவதும், "சுகமாயிட்டுது" என்று மூன்றாம் மாதம் நிறுத்துவதும்தான் நான் அதிகம் கண்ட பிழைகள். கட்டார்க் கடன் மாதிரி ஏதாவது பின்னால் இருந்தால் அதற்கும் கதைக்க ஒரு ஆள் வேண்டும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நீங்களும் உங்களுக்காகப் போகலாம். ஐந்து நாள் தம்பி மட்டுமா நித்திரை கொள்ளவில்லை?

இன்றைக்கு இருட்டுவதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் நம்பிக்கையான ஒரு ஓட்டோக்கார அண்ணரிடம், இரவில் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டு வையுங்கள். ஓட்டோவில் தம்பி நடுவில், இரண்டு பக்கமும் அவருக்குப் பிடித்த இரண்டு பேர். 1990, 1926, அண்ணரின் இலக்கம் மூன்றையும் அம்மாவுக்குத் தெரிகிற அளவு பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கடைசியாக, தம்பி கதைக்காமல் விட்டுவிடுவானா என்று கேட்டீர்கள். சில நாள் கோபமாக இருக்கலாம். ஏமாற்றிக் கூட்டிப் போனால் அந்தக் கோபம் நீளும், அதனால் "கடைக்குப் போவம்" என்று சொல்லி ஏற்றாதீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் போறம், நித்திரைக்கு மருந்து எடுப்பம், நான் கூடவே இருப்பன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நித்திரை இல்லை என்பதை அவரும் மறுக்க மாட்டார், அதைப் பிடித்துக்கொண்டே நிறையப் பேர் எழும்பி வந்திருக்கிறார்கள். சொன்னபடியே கூட இருங்கள். வார்டில் என்னைப் பார்த்து "அக்காவை உள்ளே விடாதேங்கோ" என்று கத்திய பொடியன் ஒருவன், ஒன்பதாம் நாள் கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, அக்கா சாப்பாடு கொண்டு வரப் பிந்துகிறாரே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.